ஐந்து கேட்டார்கள், மூன்று வெட்டினேன்

3 பிப்ரவரி 1989, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

இந்த நோட்டின் மேல் வலது கையை வைத்து, மேசை மேலிருக்கும் கோப்பிக் குவளையைச் சாட்சியாக நிறுத்தி, ரெங்கசாமியாகிய நான் சத்தியம் செய்கிறேன்: இந்த ஆண்டு முடிவதற்குள் ஒருவரும் நம்பாத கதை ஒன்று இதில் எழுதப்படும். தானாக நடந்தால் நல்லது. நடக்காவிட்டால் நானே நடத்திவைப்பேன்.

நோட்டு தங்கமணி வாங்கிக் கொடுத்தது. இருபத்தேழு வருஷம் என்னோடு குடித்தனம் செய்த வீராங்கனை. "வாய்ல வர்றதையெல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்குக் கொஞ்சம் லீவு வேணும்" என்றாள்.

வருங்காலச் சந்ததிகள் தெரிந்துகொள்க. என் அப்பா இந்த ஊர் ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை சுமந்தார். நான் ஆஸ்பத்திரி லேப்பில் அதைவிடச் சின்ன சாமான் சுமக்கிறேன். மனிதச் சதையில் பட்டாணி அளவு எடுத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, மைக்ரோடோம் என்கிற சக்கர யந்திரத்தில் மாட்டிச் சுற்றுவேன். கத்தியிலிருந்து சீவல் சீவலாக வரும். சீவல் என்றால் பாக்குச் சீவல் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நான் வெட்டுவது மூன்று, நான்கு. என் கத்தி பட்டால் காற்றுக்கே ரத்தம் வரும்.

இப்போது லேப்பில் பெரிய ஆராய்ச்சி. டாக்டர் புனிதவதி தழும்பு விழுந்த நுரையீரல்களைப் பார்க்கிறார். நாற்பது நோயாளி, நாற்பது மெழுகுக் கட்டி; சில இன்னும் வர வேண்டும். இருபது எனக்கு, இருபது விஜயனுக்கு. ஒற்றைப்படை எண்ணெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன். மொய் வைத்தாலும் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று வைக்கிற பரம்பரை. இரட்டைப்படை விஜயனுக்கு. அவனுக்கு எதுவும் சம்மதம்.

சுவரில் டாக்டர் கையெழுத்தில் ஒரு தாள்: எல்லாம் ஐந்து மைக்ரான்.

ஐந்து! தோசைக் கனம்.

9 பிப்ரவரி

சீனப் பெருநாள் லீவு முடிந்து வந்ததும் விஜயனோடு பந்தயம். யார் மெல்லிசாக வெட்டுகிறார்களோ அவருக்குக் காஜாங் சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி, ஐம்பது குச்சி.

"அண்ணே, டாக்டர் அஞ்சுன்னு எழுதியிருக்காங்களே."

"எழுதினவங்க எழுதட்டும்டா. அஞ்சு கேட்டா மூணு குடுக்கிறவன் ரெங்கசாமி."

"லேபல்ல என்ன போடுறது?"

"அஞ்சுன்னே போடு. தானம் பண்றவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது."

விஜயன் பந்தயத்துக்கு வரவில்லை. ஐந்தே வெட்டினான். சாத்தேயை மட்டும் வாங்கித் தருகிறேன் என்றான். உலகத்தில் ஆசையில்லாத மனிதன் எப்படி உயிரோடு இருக்கிறான்?

14 பிப்ரவரி

இன்று வேடிக்கை எழுத முடியாது. கொஞ்சம் எழுதுகிறேன்.

நாகையா மச்சானுக்கு நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு எடுத்தார்கள். தங்கமணியின் அண்ணன். கிள்ளானில் லோரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை, விசில், பாக்கெட்டில் இரண்டு கார்டு. கிள்ளான் பகுதிக் கால்பந்து ரெஃப்ரி. அவர் ஊதினால் அடுத்த பாடாங் திடலிலும் ஆட்டம் நிற்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆறு மாசமாக இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விசில் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வலை வலையாக நிழல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிமோனியா வந்து ஒரு மாசம் படுத்திருந்தார். அந்தப் பழைய தழும்புதானா? அல்லது புதிதாக ஏதோ கட்டிக்கொண்டே வருகிறதா? நெஞ்சு டாக்டருக்குத் தெரிய வேண்டியது இதுதான். பழசு என்றால் அப்படியே விட்டுவிடலாம். புதுசு என்றால் ஸ்டீராய்டு மாத்திரை, கை நிறைய. மச்சானுக்குச் சர்க்கரை வேறு. போன வருஷம்தான் ஒரு கால் விரல் போகாமல் தப்பியது. இந்த மாத்திரை சர்க்கரையைக் கூரை மேல் ஏற்றிவிடுமாம்.

தங்கமணி ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணன் சதை உங்க கைக்கு வருது. விளையாடாதீங்க."

16 பிப்ரவரி

கட்டி எண் 27. ஒற்றைப்படை. என்னுடையது.

விளையாடவில்லை, தங்கமணி. கத்தியைத் தோல்வாரில் நூறு தடவை இழுத்துத் தீட்டினேன். கட்டியை ஐஸில் குளிர வைத்தேன். மூச்சை அடக்கிச் சுற்றினேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கீறல் இல்லை. வெந்நீர்த் தட்டில் மிதந்தபோது தண்ணீர் எது மச்சான் எது என்று எனக்கே தெரியவில்லை. தேவதைகள் கட்டுகிற வேட்டி.

மூன்று மைக்ரான். என் வாழ்நாளின் சிறந்த வெட்டு. உறவுக்காரருக்கு ஐந்து கொடுப்பேனா?

2 மார்ச்

சிவப்புச் சாயம் போட்ட நாள். சாயத்தில் கலந்த அமிலம் மஞ்சள். பத்து விரலும் மஞ்சளாக, நலுங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி வீடு வந்தேன்.

டாக்டர் கூப்பிட்டுப் புது மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒளியை ஒரே திசையில் ஆட விடுகிற கண்ணாடி கீழே ஒன்று, அதற்குக் குறுக்கே மேலே ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எல்லாம் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பில் கோலாஜன் மட்டும் எரிகிறது. உடம்பைக் கட்டிவைக்கிற நார் அதுதான். ஆறின காயத்தில் தழும்பாக நிற்பதும் அதுதான்.

"தடிச்ச நாரு சிவப்பா, ஆரஞ்சா தெரியும் அங்கிள். முத்தின தழும்பு. மெல்லிசு பச்சையா தெரியும். அது இளசு, இப்பத்தான் கட்டுது."

முதல் கட்டியில் கண்ணை வைத்தேன். தீபாவளி வாணவேடிக்கையைக் கிணற்றுக்குள் கொளுத்தினால் அப்படித்தான் இருக்கும். கண்ணை எடுக்க மனசில்லை. வரிசையில் நின்ற விஜயன், "அண்ணே, எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்றான்.

15 மார்ச்

டாக்டர் புனிதவதி இன்று தரையில் நடக்கவில்லை. அரை அடி உயரத்தில் மிதந்தார்.

"அங்கிள், ஒரு வகைன்னு நெனச்சோம். ரெண்டு வகை! நாப்பதுல பதினேழு பச்சை. மத்ததெல்லாம் சிவப்பு. நடுவுல யாருமே இல்ல. இத இதுவரைக்கும் யாரும் சொல்லல."

ஜூனில் சிங்கப்பூர் மாநாட்டில் படிக்கப்போகிறாராம். அவர் அப்பா சிவசம்பு ஐயா, ரயில்வே சீஃப் கிளார்க்காக இருந்தவர், மகளுக்கு இப்போதே பெட்டி வாங்கிவிட்டார். என் அப்பா சுமந்த கட்டைக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது நான் வெட்டுவதற்கு அவர் மகள். பரம்பரைத் தொடர்பு.

நானும் மிதந்தேன். பிறகு கேட்டேன்.

"டாக்டர், இருபத்தேழு?"

முகம் மாறியது. "பச்சை, அங்கிள். நல்ல பச்சை."

மற்ற சாயங்களில் மச்சானுடையது அரைகுறையாக, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்ததாம். பச்சையைப் பார்த்தபின் நெஞ்சு டாக்டர் முடிவு செய்துவிட்டார். ஏப்ரல் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மாத்திரை ஆரம்பம்.

19 மார்ச், கிள்ளான்

மச்சான் வீட்டுக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பாடாங்கில் வெட்டரன் ஆட்டம். நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொப்பைகள் இருபத்திரண்டு, ஒரு பந்து. மச்சான் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, அங்க பாரு. அவன் தள்ளினான். ரெஃப்ரி கண்ணு என்ன குருடா?"

விசிலை எடுத்து வாயில் வைத்தார். இருமல்தான் வந்தது. துடைத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிட்டா மூச்சு திரும்புமா?"

"மச்சான், அந்த மாத்திரைய போட்டா நீங்க ஊதி ரயிலயே நிறுத்துவீங்க."

"வெரல் நிக்குமா?"

அதற்கு என்னிடம் கதை இல்லை. என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

22 மார்ச்

டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். சிங்கப்பூருக்குப் படம் எடுக்க வேண்டிய பச்சைக்காரர் பதினேழு பேர். அவர் தாளில் பெயர்கள். பெயருக்கு எதிரே கட்டி எண் எழுதி ஸ்லைடுகளை அடுக்கித் தர வேண்டும். என் நோட்டைத் திறந்து எழுதினேன்.

7. 19. 3. 31. 27. 11. 

ஆறாவதிலேயே கை நின்றுவிட்டது. மிச்சத்தையும் எழுதினேன்.

பதினேழும் ஒற்றைப்படை.

விஜயன் வெட்டினதில் ஒன்றுகூடப் பச்சை இல்லை. என்னுடையதில் மூன்றே மூன்று சிவப்பு, எவ்வளவு சீவினாலும் மெலியாத முற்றின தழும்பாக இருக்கும். நோய்க்கு எண் தெரியுமா? மொய் வைக்கிற பழக்கம் நோய்க்கு உண்டா?

ஐந்து மைக்ரானில் ஒரு நார்க்கட்டு எவ்வளவு தடிப்போ, மூன்றில் அவ்வளவு இருக்காது. கத்தி பாதியைச் சீவிக்கொண்டு போய்விடும். தடிச்ச நார் மெல்லிசாகத் தெரியும். சிவப்பு பச்சையாகத் தெரியும். முப்பது வருஷமாகச் சாதாரண வெளிச்சத்தில் என் மூன்று மைக்ரான் அழகாக இருந்தது, எவனுக்கும் கேடில்லை. இந்தக் குறுக்குக் கண்ணாடிக்கு நடுவில்—

டாக்டர் கண்டுபிடித்தது இரண்டு வகைத் தழும்பு இல்லை. விஜயன் வகை, ரெங்கசாமி வகை.

மச்சான்?

ஏப்ரல் மூன்றுக்குப் பன்னிரண்டு நாள்.

23 மார்ச்

சொன்னேன். காலை எட்டு மணிக்கு, அவர் கைப்பையை வைப்பதற்கு முன்னாலேயே.

"டாக்டர், நீங்க கண்டுபிடிச்ச ரெண்டு வகையில ஒரு வகை நான்தான்."

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "அங்கிள், மலாக்காக் கோட்டையக் கட்டினது உங்க தாத்தான்னு போன மாசம் சொன்னீங்க. இப்ப நோயும் நீங்கதானா?"

"இல்ல டாக்டர், நெசமா. நான் அஞ்சுல வெட்டல. மூணுல வெட்டினேன். ஒங்களுக்குத் தெரியாம."

"மூணா! ரெண்டுன்னு சொல்லுங்க. உங்களுக்கு அதுதான் அழகு." மீட்டிங் இருக்கிறது என்று போய்விட்டார்.

வாசலில் நின்றேன். எத்தனை வருஷமாக எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! இன்று ஒருத்தர் சிரிக்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதுதான் கிடைக்கவில்லை.

சரி. வாய் சொன்னால் நம்பமாட்டார்கள். கத்தி சொல்லட்டும்.

24 மார்ச்

திட்டம்: விஜயனுடைய சிவப்புக் கட்டி ஒன்று, எண் 12. அதை மூன்றில் வெட்டுவது. பச்சையானால் குற்றவாளி நான். பிறகு மச்சானின் 27. அதை ஐந்தில் வெட்டுவது.

இடைஞ்சல் ஒன்று. 27-இல் சதையே மிச்சமில்லை. பெருமைக்கு முப்பது சீவல் வெட்டி விஜயனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? மெழுகுக்கு நடுவில் நகக்கண் அளவு ஒரு நிழல் தெரிகிறது. கட்டியைத் திரும்ப மாட்டும்போது துளி சாய்ந்தாலும், நேராக்குவதற்குள் பாதி போய்விடும். பிறகு மச்சானின் நெஞ்சைத் திரும்பத் திறக்கவா முடியும்?

விஜயனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நான் தடிப்பு டயல் பாத்துச் சொல்றேன் அண்ணே. நீங்க சுத்துங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிறவி. அவனோடு பேசினால் போரடிக்கும் என்று எழுதியிருந்தேனா? இருந்தால் அடித்துவிட வேண்டும்.

25 மார்ச்

12 முடிந்தது. சாயம் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை பார்ப்போம்.

26 மார்ச்

ஞாயிறு. தங்கமணியிடம் சொன்னேன். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழம்பு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

27 மார்ச்

காலையில் 12-ஐப் பார்த்தோம். மூன்று மைக்ரானில் — பச்சை. விஜயனின் ஐந்து மைக்ரான் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்தோம். சிவப்பு. ஒரே மனிதன், ஒரே தழும்பு.

பிறகு 27. கட்டியை மாட்டிக் கண் மட்டத்துக்குக் குனிந்து, கத்தியும் மெழுகும் ஒன்றையொன்று முத்தமிடுகிற இடம் வரும்வரை திருகாணியைத் திருகினேன். அரை மணி நேரம். என் வாய் அரை மணி நேரம் மூடியிருந்ததற்கு விஜயன் சாட்சி. உலக வரலாற்றில் முதல் தடவை.

"டயல்?"

"அஞ்சு அண்ணே."

"திரும்பப் பாரு."

"அஞ்சு."

சுற்றினேன். நான்கு சீவல் வந்தது. ஐந்தாவதில் வெறும் மெழுகு.

நான்கு. ஒன்றைக்கூட மூச்சு விட்டுக் கலைத்துவிடாமல் கண்ணாடியில் ஏந்தினேன். முத்தும் பவளமும் ஏந்தின அரசர்கள் எல்லாம் கைதட்டியிருக்க வேண்டும். ஒருவரும் இல்லை. லேப் பிரிட்ஜ்தான் உறுமிக்கொண்டிருந்தது.

28 மார்ச்

சிவப்பு. ஆரஞ்சும் சிவப்புமாக, கெட்டியாக. நான்கு சீவலிலும்.

டாக்டரைக் கூப்பிட்டு மூன்று ஸ்லைடையும் பேசாமல் வைத்தேன். பார்த்தார். மாற்றினார். திரும்பப் பார்த்தார். பட்டியலைக் கேட்டார். எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"எல்லாம் ஒத்தப்படை."

"ஆமா டாக்டர்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கிள், உங்க கதைய எல்லாரும் கேட்டுச் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஸ்லைடு மட்டும் கதை சொல்லாதுன்னு நெனச்சிருந்தேன்."

அவ்வளவுதான். போய் நெஞ்சு டாக்டருக்குப் போன் போட்டார். கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டது. "நிறுத்தி வையுங்க."

30 மார்ச்

நெஞ்சு டாக்டர் லேசில் ஒப்பவில்லை. நேற்று பச்சை, இன்று சிவப்பு, நாளைக்கு ஊதாவா என்று கேட்டாராம். நியாயம். இன்னொரு சாட்சி வேண்டும் என்றார்.

சாட்சி இருந்தது. ஆப்பரேஷன் அன்றைக்கே ஒரு கடுகளவு துண்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குத் தனியாகப் போயிருந்தது. அதை வெட்டினது நான் இல்லை. கடவுள் அந்த மட்டும் கருணை காட்டினார்.

இன்று பார்த்தோம். இருட்டறை, ஆள் உயர யந்திரம், நடுவில் வட்டத் திரை. திரை பச்சையாக ஒளிர்ந்தது. "அய்யோ, பச்சையா?" என்று கத்திவிட்டேன்.

ஆப்பரேட்டர் திரும்பிப் பார்த்தார். "அங்கிள், இந்தத் திரை எப்பவும் பச்சைதான் லா."

கோலாஜன் இழைகள் தெரிந்தன. ஒவ்வொரு இழையிலும் குறுக்கே கோடு, சம இடைவெளியில், ஒன்று தவறாமல். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. ஸ்லீப்பர் கட்டை. என் அப்பா தோளில் சுமந்து, அளந்து, போட்டதே. ஒரு மில்லிமீட்டருக்குப் பதினைந்தாயிரம் கட்டை. இது என் கணக்கு இல்லை, டாக்டருடையது.

"தடிச்ச இழை. நெருக்கமா அடுக்கியிருக்கு. புதுசா கட்டற செல் ஒண்ணுகூட இந்தத் துண்டுல தெரியல" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான். இருந்தாலும் நான் இருக்கிற அறையில் சொன்னார். மூன்று நாளில் அதுவே முதல்.

"பாதை போட்டு முடிச்சிட்டு கேங்கு ஆளுங்க வீட்டுக்குப் போயிட்டாங்க டாக்டர்" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் தன் நோட்டில் என்னமோ எழுதினார்.

1 ஏப்ரல்

மாத்திரை கிடையாது. நெஞ்சு டாக்டர் ஒப்புக்கொண்டார். எல்லாச் சாயத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிமோனியா விட்டுப்போன பழைய தழும்பு. போகாது. வளராது. மாசாமாசம் மூச்சை அளந்து பார்ப்பார்களாம்.

தேதியைப் பார்த்துவிட்டுத் தங்கமணி, "இன்னிக்கு முட்டாள் தினம். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். குழம்பு வந்தது.

2 ஏப்ரல், கிள்ளான்

மச்சானிடம் நானே சொல்ல வேண்டும் என்று போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"மச்சான், உங்களுக்குப் புதுசா கட்டுதுன்னு சொன்னது என் தப்பு. சரியா வெட்டினா சிவப்பு, பழைய தழும்புதான், நல்ல செய்தி. மெல்லிசா வெட்டி, ஒங்களுக்கு நல்லா செய்யறேன்னு நெனச்சி... அந்த மாத்திரைய நீங்க சாப்பிட்டிருந்தா..."

அவர் சட்டைப்பையில் கையை விட்டு மஞ்சள் கார்டை எடுத்து என் மூக்குக்கு நேரே உயர்த்தினார்.

"இது வார்னிங் மாப்ளே."

"சிவப்பே காட்டுங்க மச்சான். அதுதான் நியாயம்."

"சிவப்பு நல்ல செய்தின்னு நீதானே சொன்ன? ஒனக்கு எதுக்கு நல்ல செய்தி?"

மச்சான் சம்சாரம் உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். இரண்டு கிழவர்கள் சிரிக்கிற சத்தம். ஒருவருக்கு நடுவில் இருமல். எனக்குக் கண்ணில் ஏதோ தூசி. கிள்ளானில் தூசி அதிகம்.

5 ஏப்ரல்

டாக்டரிடம் போய் நின்றேன். "இருபது கட்டியையும் திரும்ப வெட்டறேன். அஞ்சுல. மே மாசத்துக்குள்ள."

"சிங்கப்பூருக்கு எழுதிட்டேன் அங்கிள். அந்தக் கட்டுரை வேணாம்னு."

"பரவாயில்ல டாக்டர். சிங்கப்பூருக்காக வெட்டல."

கொஞ்ச நேரம் என் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். "ஒவ்வொரு ஸ்லைடுலயும் ரெண்டு நம்பர் எழுதணும். கேட்டது எத்தன, வெட்டினது எத்தன."

"எழுதறேன்."

"டயலயும் நம்ப வேணாம். வெட்டின சீவல ஒண்ணு நிமித்தி வச்சி, அதோட தடிப்பயும் அளப்போம்."

அளப்போம் என்றார். அளங்கள் என்று சொல்லவில்லை.

18 ஏப்ரல்

ஏழு முடிந்தது. ஏழும் ஐந்து.

மச்சானுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதிவிட வேண்டும். "முப்பது வருசமா இதைத்தானே செஞ்சேன்" என்றாராம்.

11 மே

இன்று 19-ஐ வெட்டும்போது கை தானாக டயலை மூன்றுக்குத் திருப்பியது. கையைத் தட்டினேன். அதுவும் முப்பது வருஷக் கை. பாவம்.

31 மே

இருபது. முடிந்தது. பச்சை வகை என்று ஒன்று இல்லை. ஒரே ஒருவருக்குக் கொஞ்சம் பச்சை, எண் 11. அவருக்கு நிஜமாகவே புதிதாகக் கட்டுகிறது. இத்தனை நாளும் பதினாறு பொய்ப் பச்சைக்கு நடுவில் ஒளிந்திருந்தார். இன்று காலை வார்டுக்குச் செய்தி போயிற்று.

26 ஜூன்

டாக்டர் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். கட்டுரை படிக்க இடமில்லை என்று ஒரு போஸ்டர் ஒட்ட விட்டிருக்கிறார்கள். கடைசி வரிசை, கழிவறைப் பக்கம். ஐந்து மைக்ரான் ஒரு பக்கம், மூன்று மைக்ரான் ஒரு பக்கம், ஒரே நுரையீரல்.

"கூட்டமா டாக்டர்?"

"டாய்லெட் போறவங்க எல்லாம் பாத்தாங்க." கைப்பையை வைத்தார். "ஒரு ஜப்பான்காரர் மட்டும் ரொம்ப நேரம் நின்னார் அங்கிள். அவங்க லேப்லயும் ஒரு ரெங்கசாமி இருக்காராம்."

சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு. ஜப்பானிலும் எனக்குக் கிளை இருப்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

9 ஜூலை, கிள்ளான்

இதோ நான் வாக்களித்த கதை. ஒருவரும் நம்ப வேண்டாம்.

ஸ்டேஷன் பக்கத்துப் பாடாங்கில் மாபெரும் யுத்தம். தொப்பைகள் பதினொன்றுக்குத் தொப்பைகள் பதினொன்று. லட்சம் பேர் கூடினர். ஷா ஆலமிலிருந்தும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும் மக்கள் கார் கட்டிக்கொண்டு வந்தனர். நடுக்கோட்டுக்கு வெளியே, சிம்மாசனத்தில், கறுப்புச் சட்டையில், பழுத்த நுரையீரல் இரண்டோடு நாகையா மச்சான். கடைசி ஐந்து நிமிஷம் அவருடையது என்று ஊரே கூடி முடிவு செய்திருந்தது. ஆட்டம் முடிகிற நேரம். மச்சான் எழுந்தார். உதட்டைக் குவித்தார். ஊதினார். தொப்பைகள் நின்றன. காக்கை நின்றது. கிள்ளான் ஆறு நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த ரயில் நடுங்கி, முனகி, நின்றேவிட்டது. எஞ்சின் டிரைவர் தலையை நீட்டி, "ஊதினது யாரு பாஸ்?" என்று கேட்டு சல்யூட் வைத்தார்.

வீட்டில் சொன்னேன். தங்கமணி, "இதையும் அந்த நோட்டுலயே எழுதிக்குங்க" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது கோப்பிக் குவளையைச் சாட்சியாக வைத்து, திருத்தம்.

வந்தவர்கள் முப்பது பேர். சிம்மாசனம் மடக்கு நாற்காலி. காக்கை இல்லை. ஆறு ஓடியது. அந்த ரயில் தினமும் அந்த ஸ்டேஷனில் நிற்கும், டிரைவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊதினார். அது நிஜம். கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து விநாடி என்று எழுதக் கை துடிக்கிறது.

மூன்று.